நூல் இல்லாத மரச்சட்டம்

அன்று பிற்பகல், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த அந்த லைன் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் சின்னப்பன், அவர் மனைவி அற்புதம், வியாழக்கிழமை கல்யாணமாகப் போகிற மகள் எஸ்தர், சின்னப்பனின் அக்காள் ராகேல், பக்கத்து வீட்டு முனிரத்தினம், முனிரத்தினத்தின் நாய், மூன்று கால் தாங்கியில் நின்ற மரப்பெட்டிக் கேமராவுக்குப் பக்கத்தில் பாக்கியநாதன். நாயைச் சேர்த்தால் ஏழு. இருந்திருக்க வேண்டியவன் ஒருவன், ஜெபராஜ், அந்த வீட்டின் மூத்த பிள்ளை. ஆறு வருஷத்துக்கு முன் மாரிக்குப்பத்தில் காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போனவன் சாயங்கால ரயிலில் இறங்கவில்லை. அதற்குப் பிறகு வந்த எந்த ரயிலிலும் இறங்கவில்லை.

பாக்கியநாதன் கூட்டத்தில் பேசத் தெரியாதவர், எண்ணத் தெரிந்தவர். தங்கவயல் கடைத்தெருவில் முப்பது வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்து, மூடிய பிறகு தாமே பலகை அறுத்து இந்தப் பெட்டியைச் செய்தார். இதில் ஃபிலிம் கிடையாது. மெழுகு ஊறிய தாளில் வெள்ளி மருந்து பூசி இருட்டில் உலர்த்தி, வெளிச்சம் புகாத தட்டையான மரச்சட்டத்தில் அடைத்து, சட்டத்தைப் பெட்டியின் முதுகில் சொருக வேண்டும். லென்ஸ் மூடியைக் கையால் எடுத்தால் வெளிச்சம் உள்ளே போகும், மூடினால் நிற்கும். கேமரா வந்த புதிதில் உலகத்தில் இப்படித்தான் எடுத்தார்களாம். ஒரு படத்துக்கு எட்டுப் பத்து நிமிஷம் ஆகும், நடமாடுகிறவர்கள் இந்தத் தாளில் விழ மாட்டார்கள், அசையாமல் இருப்பது மட்டும் விழும். அதனாலோ என்னவோ அவர் எடுத்ததெல்லாம் ஆள் இல்லாத இடங்கள்: ஒரு கிழவர் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்துவிட்டுப் போன ரயிலடி பெஞ்சு, நெஞ்சுவலியில் போன முடிவெட்டுகிறவரின் நாற்காலி, சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்குக் கீழே பூட்டிக் கிடக்கிற சைக்கிள் கொட்டகை. ஊரில் அவருக்குக் காலி போட்டோக்காரர் என்று பேர். அவர் மனைவி சுகிர்தம் இறந்ததற்குத் துக்கம் கேட்க வந்த அற்புதம், போகும்போது கதவோரம் நின்று கேட்டாள். “எங்க வாசலயும் எடுண்ணே. திங்கக்கெழம வீட்ட ஒப்படைச்சிட்டுப் போறோம். செல்லுல எடுத்தா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிருது. உன் பொட்டி ரொம்ப நேரம் பாக்குமாமே. அவன் நின்ன எடத்த ரொம்ப நேரம் பாக்கட்டும்.” இன்று ஞாயிறு. நாளைக் காலை சாமான் லாரி வருகிறது.

திறந்த கதவு நடுவில் இருட்டாக இருந்தது, இரண்டு பக்கமும் சுண்ணாம்புச் சுவர். இடது பக்கம் வெள்ளைச் சட்டையில் சின்னப்பன், அவருக்கு அந்தப் பக்கம் எஸ்தர். வலது பக்கம் அற்புதம், ராகேல், ஓரத்தில் முனிரத்தினம். நடுவில் கதவுக்கு நேராக ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம். “எடம் உட்டு நிக்கிறது ஆகாதுடி, சேந்து நில்லுங்க” என்றாள் ராகேல். “உடலன்னா அவன் எங்க நிப்பான்?” என்றாள் அற்புதம். சின்னப்பன் தரையைப் பார்த்தபடி, “கல்யாண வூட்ல இந்தப் பேச்சு வாணாம்னு சொன்னேன், கேட்டாளா” என்றார். ஒன்பது நிமிஷம் அசையாமல் நிற்க வேண்டும் என்று பாக்கியநாதன் மெதுவாகச் சொன்னதும் முனிரத்தினம், “ஒம்போதா? அதுக்குள்ள நான் சோறாக்கித் துன்னுட்டே வந்துருவேன் சார்” என்றான். “நீ வாய மூடிக்கினு நின்னாலே அது ஒலக அதிசயம்” என்று ராகேல் திரும்பி, தம்பி மகளின் மணிக்கட்டைப் பார்த்து, “ஏண்டி, கல்யாணப் பொண்ணு கையில எதுக்கு அந்த அழுக்குக் கயிறு? அவுத்துப் போடு, படத்துல உழும்” என்றாள். எஸ்தர் பல்லால் கடித்து அவிழ்த்தாள். அற்புதம் வலது கையைத் தூக்கி, காலி இடத்தில், தன் தலை உயரத்தில் ஒரு தோளைச் சுற்றுகிற மாதிரி வளைத்தாள். “கைய அப்படி வச்சா ஆடும் அற்புதம். ஆடினா தாள்ல விழாது” என்றார் பாக்கியநாதன். “உழலன்னா பரவால்லண்ணே. நான் வச்சன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்.”

மூடியை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று உதட்டுக்குள் எண்ண ஆரம்பித்தார், அறுபது ஆனதும் வலது பையிலிருந்து ஒரு புளியங்கொட்டை இடது பைக்கு, அப்படி ஒன்பது கொட்டைகள், கடிகாரத்தை அவர் நம்புவதில்லை, கடிகாரத்தைப் பார்த்தால் ஆளைப் பார்க்க முடியாது, ஆளைப் பார்த்தால் கடிகாரம் ஓடிவிடும், எண்ணிக்கை மட்டும்தான் பார்க்கிறபோதும் கூட வரும். வெயில் முதுகில் ஏறியது. தூரத்தில் சயனைடு மேட்டிலிருந்து காற்று சாம்பல் நிறத் தூளைக் கிளப்பிக்கொண்டு வந்தது, இருபத்தாறு, இருபத்தேழு, தூள் இந்தப் பக்கம் வந்தால் ராகேல் தும்முவாள், தும்மினால் ராகேலுக்கு இரண்டு தலை விழும், பரவாயில்லை, சுகிர்தத்துக்கும் இந்தத் தூள் ஆகாது, ஜன்னலை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பாள், கால் வீங்கி நடக்க முடியாமல் போன பிறகும் உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டுகிற வரைக்கும் துடைப்பாள், எட்டாத இடத்தை அவரைப் பார்த்துக் கண்ணால் காட்டுவாள், நாற்பத்தொன்று, கண். அந்தக் கண்ணைத்தான் அவரால் ஒரு தடவைகூடப் பிடிக்க முடியவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் எடுத்த படங்களில் எல்லாம் கண் மூடியிருக்கும். கல்யாண ஆல்பத்தில் மூடி, கோயில் சங்கப் படத்தில் மூடி, ரேஷன் கார்டில் மூடி, ஃப்ளாஷ் அடிப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே எப்படித்தான் அவளுக்குத் தெரியுமோ. ஊருக்கெல்லாம் கண்ணைத் திறந்துவைத்த போட்டோக்காரன் பொண்டாட்டி எல்லாப் படத்திலும் தூங்குகிறாள் என்று கடைத்தெருவே சிரிக்கும். “நான் செத்தா பேப்பர்ல போட நீயே கண்ணு வரைஞ்சிக்கோ” என்பாள். அவர் வரையவில்லை, அவளுடைய தங்கை மகள் லில்லி கம்ப்யூட்டர் கடையில் கொடுத்து வரையவைத்தாள். இப்போது கூடத்துச் சுவரில் மாலைக்குள்ளிருந்து பார்க்கிற கண்கள் சுகிர்தத்தின் கண்கள் இல்லை, வேறு யாரோ ஒருத்தியின் கண்களை கடைக்காரன் வெட்டி ஒட்டியிருக்கிறான், பெரிய, ஈரமான, சினிமாக்காரிக் கண்கள், அவர் அந்தச் சுவரின் பக்கம் திரும்புவதில்லை. அறுபது. ஒரு கொட்டை.

ஆனால் இந்தப் பெட்டி வேறு. இதில் ஒருத்தி எத்தனை தடவை இமைத்தாலும் சரி, இமை மூடியிருக்கிற நேரம் கொஞ்சம், திறந்திருக்கிற நேரம் அதிகம், அதிகமாக இருப்பதுதான் தாளில் தங்கும். இது தெரிந்தும் அவளை இந்தப் பெட்டியின் முன்னால் உட்கார வைக்க அவருக்கு நான்கு வருஷம் ஆயிற்று. ஆள் இல்லாத இடங்களைத் தேடித்தேடி எடுத்தார், வீட்டில் ஆள் இருந்தாள். பதினெட்டு நாளைக்கு முன்னால் ஒரு காலையில் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார வைத்தார். அவள் மூச்சு வாங்கிச் சிரித்தாள். “ஆளில்லாத எடத்தத்தான எடுப்ப. இன்னும் ரெண்டு நாள் பொறு, நாற்காலி தானா காலியாவும்.” மூன்றாம் நாள் காலியாயிற்று. பதினோரு நிமிஷம் உட்கார்ந்தாள், பதினோரு நிமிஷம் அவரையே பார்த்தாள், முப்பத்தெட்டு வருஷத்தில் அவ்வளவு நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது அன்றைக்குத்தான். அந்தத் தாளை அவர் இன்னும் கழுவவில்லை. மருந்தில் போட்டால்தான் உருவம் எழும்பும், அதுவரைக்கும் அது வெற்றுத் தாள் மாதிரிதான் இருக்கும், ஆனால் உள்ளே அவள் இருப்பாள். மருந்துக்கு மாசிக்காய் வாங்கி வைத்திருந்தார். பச்சைக் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கிற மாசிக்காய், நாட்டு மருந்துக் கடையில் எப்போது போனாலும் எத்தனை மாசக் குழந்தை சார் என்று கேட்பான், அவர் காசை நீட்டுவார், சுகிர்தம் கூட வந்தால் மட்டும், “எங்க வூட்டுப் புள்ளைங்கல்லாம் காகிதம்பா, பால் கேக்காது, இத மட்டும் கேக்கும்” என்பாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மாசிக்காய் இருந்தது, தண்ணீர் இருந்தது, இருட்டு இருந்தது, அவர் கழுவவில்லை. அவள் அசைந்திருந்தால்? தலை சாய்ந்திருந்தால்? கழுவிய பிறகு ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் ஒன்றும் இல்லைதான். மெழுகுத் தாள் மூன்று வாரம் தாங்கும், இன்னும் மூன்று நாள் இருக்கிறது, நாளைக்கு, நாளைக்கு என்று, எவ்வளவு, ஐம்பத்தைந்தா, நாற்பத்தைந்தா, எண்ணிக்கை நழுவியது. அவருக்கு எண்ணிக்கை நழுவாது. தோராயமாக எடுத்துக்கொண்டு இரண்டாவது கொட்டையை மாற்றினார். எஸ்தரின் மணிக்கட்டில் கயிறு இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அவுத்துப் போடு. அழுக்குக் கயிறு. அவுத்துப் போடு.

எங்கேயோ கேட்ட பேச்சு. ராகேல் சொன்னதற்கு முன்னாலேயே கேட்டது. எட்டாம் நாள் ஜெபம் முடிந்து வீடு முழுக்கப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது லில்லி ஈரக் கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டே அவர் காதருகில் குனிந்து சொன்னாள், அவர் சரிம்மா என்று தலையாட்டினார், அன்றைக்கு எல்லாருக்கும் தலையாட்டினார், எதுவும் காதில் ஏறவில்லை, இப்போது ஒன்பது நாள் நடந்து வந்து ஏறியது. “பெரியப்பா, அலமாரியெல்லாம் தொடச்சிட்டேன். உங்க மரச்சட்டத்துல சுத்தியிருந்த அழுக்கு நூலயும் அவுத்துப் போட்டுட்டு நல்லாத் தொடச்சி அடுக்கியிருக்கேன்.” படம் எடுத்து முடித்த சட்டத்தின் கொண்டியில் நூல் சுற்றி வைப்பது அவர் வழக்கம். நூல் இருந்தால் உள்ளே ஆள் உண்டு, இல்லையென்றால் வெறும் தாள். சுகிர்தம் உட்கார்ந்ததற்கு முந்தைய நாள் ஒரே மாதிரி இரண்டு சட்டங்களில் தாள் அடைத்தார். ஒன்றில் அவள். இன்னொன்று சும்மா இருந்தது. இன்று காலை அலமாரியைத் திறந்தபோது, நூல் சுற்றிய சட்டம் கண்ணில் பட வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் விட்டுத் தடவி, நூல் தட்டுப்படாத ஒன்றை எடுத்துப் பையில் போட்டார். நூல் தட்டுப்படவில்லை. இரண்டிலும் தட்டுப்பட்டிருக்காது.

பதினேழு, பதினெட்டு. எடுத்தது எது, வெறும் தாளா, அவள் இருக்கிற தாளா. இடது கைப் பக்கம் இருந்ததை எடுத்தார், இடது பக்கம் எப்போதும் வெறும் சட்டம்தான் வைப்பார், ஆனால் அடுக்கியது லில்லி. லில்லி வலதுகைக்காரி, துடைத்ததை இடப்பக்கம் வைப்பாளா வலப்பக்கம் வைப்பாளா, நூல் இருந்ததை முதலில் எடுத்திருப்பாளா, அழுக்காக இருப்பதைத்தானே பெண்கள் முதலில் எடுப்பார்கள், அப்படியானால் அது அடியில் போயிருக்கும், அடுக்கினாளா, வரிசையாகச் சாய்த்தாளா. தெரியாது. திறந்து பார்க்கலாம் என்றால், பார்க்கத் தேவையான வெளிச்சமே தாளைக் கொன்றுவிடும், கொல்லாவிட்டாலும் பார்த்துப் பிரயோஜனமில்லை, அவள் இருக்கிற தாளும் இல்லாத தாளும் கழுவுகிற வரைக்கும் ஒரே வெள்ளை. மூடியைப் போட்டுவிடலாம். இப்போதே போட்டால், அவளாக இருந்தால், மூன்று நிமிஷ வெளிச்சம்தான் அவள்மேல் ஏறியிருக்கும், மெல்லிய சல்லாத்துணி போர்த்திய மாதிரி இருக்கும், உள்ளே முகம் தெரியும், கண் தெரியும். மூடியைப் போட்டுவிட்டு, இன்றைக்கு முடியாது, மருந்து சரியில்லை என்று சொல்லலாம். வீட்டுக்குப் போய் இன்னொரு சட்டத்தை எடுத்து வரலாம் என்றால் போக அரை மணி, வர அரை மணி, நான்கு மணிக்கு எதிர் லைன் நிழல் இந்த வாசலை விழுங்கிவிடும், நாளைக் காலை லாரி. மூடியைப் பிடித்த கை தன்னாலே எழுந்தது. லென்ஸுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அவள்தான் உள்ளே என்று யார் சொன்னது, பாதிக்குப் பாதி, காசு சுண்டினால் பூவா தலையா, பாதிக்குப் பாதிக்காக அந்த அம்மாளின் கையை, அந்தக் கை. அவர் அப்போதுதான் பார்த்தார். அற்புதத்தின் கை ஆடத் தொடங்கியிருந்தது. முழங்கையிலிருந்து ஆட்டம் கிளம்பி விரல் நுனிக்குப் போய்த் திரும்பி வந்தது. அவள் பார்வை பெட்டியிலேயே இருந்தது. கண்ணில் நீர் நிறைந்து வழிந்தது, அவள் துடைக்கவில்லை. அசையக் கூடாது என்று சொன்னவர் அவர்தான்.

“யக்கா, கைய எறக்கு” என்றான் முனிரத்தினம் உதடு அசையாமல். “பேசாதடா பேமானி” என்றாள் ராகேல், அவளும் உதடு அசையாமல். நாய் எழுந்து கதவைத் தாண்டி உள்ளே போயிற்று. ஐந்தாவது கொட்டையா, ஆறாவதா. இடது பைக்குள் விரலை விட்டுத் தடவினார், ஐந்து. சுகிர்தம் இப்போது எவ்வளவு தூரம் போயிருப்பாள், வெள்ளைச் சுவர்தான் முதலில் ஏறும், சுண்ணாம்பு இரக்கமில்லாத வெளிச்சம், மூக்கு போயிருக்கும், உதடு போயிருக்கும், இல்லை, அவள் அலமாரியில் பத்திரமாக இருக்கிறாள், ஈரத்துணியால் துடைத்த சட்டத்துக்குள் கண்ணைத் திறந்துகொண்டு இருக்கிறாள், இல்லை, இதோ இங்கே, தன் கண் முன்னால், தன் கையாலேயே. மூடு என்றது கை. இறங்கி வந்து லென்ஸைத் தொட்டது. அந்த நேரத்தில் சின்னப்பன், காலையிலிருந்து இந்தப் பேச்சே வேண்டாம் என்றவர், முகத்தைத் திருப்பாமல், பெட்டியைப் பார்த்தபடியே, காலி இடத்தின் இந்தப் பக்கத்திலிருந்து தன் இடது கையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார். மெதுவாக, படம் கெட்டுவிடக் கூடாதென்று அவ்வளவு மெதுவாக உயர்த்தி, மனைவியின் உள்ளங்கைக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். ஆட்டம் குறைந்தது. இரண்டு கைகளும் யாரும் இல்லாத ஒரு தோள்மேல் நின்றன. பாக்கியநாதன் மூடியைக் கீழே இறக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். மறுபடி எண்ண ஆரம்பித்தார். இப்போது எண்ணிக்கை நழுவவில்லை. இருபத்தொன்று, இருபத்திரண்டு. ஏழாவது கொட்டை. அவரை யாரோ கடைசிவரை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது, அது அற்புதமா, பெட்டிக்குள்ளிருந்தா, அவர் யோசிக்கவில்லை, யோசித்தால் எண்ணிக்கை போய்விடும். எட்டாவது. ஒன்பதாவது. மூடினார்.

“ஆச்சாண்ணே?” என்றாள் அற்புதம். கை தானாக இறங்கவில்லை, எஸ்தர் வந்து மடக்கி இறக்கிவிட்டாள். “உழுந்திருக்கும்ல?” பாக்கியநாதன் சட்டத்தை உருவிப் பைக்குள் வைத்தார். “பார்க்கணும்மா.” ராகேல் காபி கொண்டு வந்தாள், அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குடிக்காமலே கிளம்பினார். “பாவம், பொண்டாட்டி போனதுல மனுசன் தளந்துட்டாரு” என்று அவள் முனிரத்தினத்திடம் சொன்னது கேட்டது.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தார். இன்னொரு சட்டம் இருந்தது, துடைத்துப் பளபளவென்று. அதைத் தொடவில்லை. சமையலறை ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி, சிவப்பு பல்பைப் போட்டு, மாசிக்காய்ச் சாற்றைத் தட்டில் ஊற்றித் தாளை அமிழ்த்தினார். முதலில் நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு பக்கமும் பழுப்பு ஏறிற்று, அது சுவர், இந்தத் தாளில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் வரும். சின்னப்பனின் சட்டை கன்னங்கரேலென்று வந்தது. எஸ்தர் வந்தாள். அற்புதத்தின் முகம் வந்தது, தோள் வந்தது, கை இல்லை, கை இருந்த இடத்தில் புகை மாதிரி ஒரு கறை. ராகேலுக்கு ஒரே தலைதான். முனிரத்தினம் பாதி. நடுவில் கதவு மட்டும் வெளுப்பாகவே நின்றது, சுத்தமாக, வெற்றுத் தாளாக. அவர் தட்டின்மேல் குனிந்து குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை. தரையில் உட்கார்ந்தார். பாதிக்குப் பாதியில் இந்தப் பாதி. அலமாரியில் இருக்கிறாள். நாளைக்குக் கழுவிவிட வேண்டும், நாளைக்கே, இனி ஒரு நாளும் தள்ளக் கூடாது. தட்டை ஆட்டிவிட எழுந்தார்.

கதவின் வெளுப்பில், கீழே, இடுப்பு உயரத்தில், ஒரு கோடு பழுப்பாக எழும்பிக்கொண்டிருந்தது. தாளின் கீறல் என்று நினைத்தார். பக்கத்தில் இன்னொன்று வந்தது. அவர் பல்பைக் கிட்டே இழுத்தார். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்ததும், “வுழுந்துருவேன்னு பயமா கீதுய்யா, இதப் புடிச்சிக்கறேன்” என்று சுகிர்தம் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கம்பிக்குப் பின்னால் இருட்டு. அந்த இருட்டின்மேல் இன்று கதவின் இருட்டு விழுந்திருக்கிறது. இருட்டு ஒன்றையும் அழிப்பதில்லை. அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தைக் கணக்குப் பண்ணினார்: நாற்காலி இடது பக்கம், தலை இவ்வளவு உயரம். அங்கே சின்னப்பனின் வெள்ளைச் சட்டை இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சட்டைக்குள் நெற்றி இல்லை, உதடு இல்லை, கண் இல்லை, பொத்தான் இருந்தது. மறுபடி கதவுக்கு வந்தார். அவை நன்றாக எழும்பியிருந்தன, வீங்கியவை, ஒன்றோடொன்று ஒட்டியவை, எதையோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பவை. கட்டைவிரல் கம்பிக்கு அந்தப் பக்கம், அது விழவில்லை. ஈரத் தாளின்மேல் படாமல் தன் சுண்டுவிரலை நீட்டி, ஒவ்வொன்றின் மேலும் நிறுத்தி நிறுத்தி எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். நான்கு விரல்கள்.